தங்கம் மண்ணில், பங்கு கையில்: சுரங்கப் பங்குகளின் ஏற்ற இறக்கம்

மலேசியாவின் பகாங் மாநிலத்திலுள்ள ரவூப் மண்ணில் தங்கம் இருப்பது யாரோ கட்டிவிட்ட கதை இல்லை. ரவூப்பிலிருந்து வடக்கே குவாலா லிப்பிஸ் வரை தங்கம் கலந்த பாறை நிலத்தடியில் நீண்டு கிடக்கிறது. லிப்பிஸ் பக்கம் பென்ஜோம், செலின்சிங் சுரங்கங்கள் உண்டு. ரவூப்பில் 1889-லேயே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வில்லியம் பிபி என்பவர் வேலையைத் தொடங்கிவிட்டார். 1900 வாக்கில் அந்த நிறுவனம் செம்பாம் ஆற்றில் நீர்மின் நிலையம் கட்டிச் சுரங்கத்தை ஓட்டியது. புக்கிட் கோமான் ஆழ்சுரங்கம் 1960களின் தொடக்கத்தில் மூடப்படும்வரை இந்த ஊருக்குத் தங்கம் ஒரு பிழைப்பு. சுற்றிலும் கித்தா (ரப்பர்) தோட்டம், பிறகு செம்பனை, இப்போது டுரியான். பால் மரம் சீவப் போன குடும்பங்களுக்குத் தங்கம் பக்கத்து வீட்டுச் சமாச்சாரம்தான்.

அப்புறம் இரண்டாவது சுற்று வந்தது. பெனின்சுலர் கோல்ட் என்ற நிறுவனம் 2005-ல் லண்டனின் சிறு நிறுவனச் சந்தையான ஏஐஎம்-இல் பட்டியலானது. பழைய சுரங்கம் கொட்டிவிட்டுப் போன கழிவு மண்ணைச் சயனைடு போட்டு அலசி, மிச்சமிருந்த தங்கத்தை எடுப்பது திட்டம். 2009-ல் ஆலை ஓடத் தொடங்கியது. புக்கிட் கோமான் மக்கள் சயனைடை எதிர்த்துப் போராடினார்கள், நீதிமன்றம் வரை போனார்கள். 2017-ல் ஆலையை நடத்திய உள்ளூர் நிறுவனம் கலைப்புக்குப் போனது. தங்கத்தின் விலையோ 2005-ல் அவுன்ஸுக்கு 450 டாலர் சுற்றி இருந்தது, 2017-ல் 1,250 டாலர் சுற்றி. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அந்த விலையேற்றம் நிறுவனத்தைக் காப்பாற்றவில்லை.

தங்கம் ஏறுகிறதே, தங்கச் சுரங்கப் பங்கு ஏன் விழுகிறது? சிறு முதலீட்டாளர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வி இது. பதில் மண்ணுக்கு அடியில் இல்லை. நிறுவனம் எதை விற்றுப் பிழைக்கிறது என்பதில் இருக்கிறது.

விற்பனைக்கு இருப்பது தாள்தான்

தங்கமோ நிக்கலோ எடுத்து விற்கும் பெரிய சுரங்க நிறுவனம் ஒரு ரகம். இன்னும் தோண்டாமல், துளை போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் சிறு நிறுவனம் வேறு ரகம். இரண்டாவது ரகத்துக்கு வருமானமே கிடையாது. துளையிடும் இயந்திரத்துக்கு வாடகை, புவியியலாளர் சம்பளம், ஆய்வுக்கூடச் செலவு, இயக்குநர்களின் ஊதியம் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வர வேண்டும்: புதுப் பங்கு வெளியிட்டுத் திரட்டும் பணம். அது விற்கும் சரக்கு தங்கம் அல்ல, தன் பங்குதான்.

கற்பனையாக ஒரு கணக்குப் போடுவோம். ஒரு நிறுவனத்துக்கு 200 மில்லியன் பங்குகள், பங்கு 10 காசு. சந்தை மதிப்பு 20 மில்லியன் வெள்ளி (ரிங்கிட்). உங்களிடம் 1,00,000 பங்குகள், அதாவது 10,000 வெள்ளி. கையில் காசு தீர்கிறது. 40 மில்லியன் புதுப் பங்குகளை 8 காசுக்குத் தனி முதலீட்டாளர்களுக்கு ஒதுக்கி 3.2 மில்லியன் திரட்டுகிறார்கள். சந்தை விலையைவிட மலிவாகக் கொடுக்காவிட்டால் யாரும் வாங்க மாட்டார்கள். இப்போது மொத்தம் 240 மில்லியன். அடுத்த வருஷமும் 20 சதவீதம், அதற்கடுத்த வருஷமும் 20 சதவீதம் என்று போனால் மூன்றாம் சுற்றின் முடிவில் 345 மில்லியன் சொச்சம். பங்கு 10 காசிலேயே அசையாமல் நிற்க வேண்டுமென்றால்கூட நிறுவனத்தின் மதிப்பு 20 மில்லியனிலிருந்து 34.5 மில்லியனாக ஏறியிருக்க வேண்டும். நீங்கள் ஒரு பங்கைக்கூட விற்கவில்லை. ஆனால் நிறுவனத்தில் உங்கள் பாகம் 0.05 சதவீதத்திலிருந்து 0.03-க்கும் கீழே போய்விட்டது.

இது திருட்டு இல்லை, விதிகளுக்கு உட்பட்டது. பங்குதாரர்களிடம் ஆண்டுக் கூட்டத்தில் வாங்கிவைத்த பொது அனுமதியை வைத்து 10 சதவீதம் வரை புதுப் பங்கு வெளியிட மலேசியப் பங்குச் சந்தையான புர்சா மலேசியா விடுகிறது. 2020-ல் கோவிட் காலத்தில் அதையே தற்காலிகமாக 20 சதவீதம் ஆக்கினார்கள். ஆஸ்திரேலியச் சந்தையில் 12 மாதத்துக்கு 15 சதவீதம், சிறு நிறுவனங்கள் கூட்டத்தில் கேட்டு வாங்கினால் இன்னொரு 10. மலிவு விலையில் பங்கு வாங்கியவர்களுக்குச் சில நேரம் வாரண்டும் (பிற்பாடு குறித்த விலைக்குப் பங்கு வாங்கும் உரிமை) இலவசமாகப் போகும். சந்தையில் முழு விலை கொடுத்து வாங்கிய ஆளுக்கு அது கிடையாது.

இதை வைத்துப் பார்த்தால், குருட்டாம்போக்காகத் தெரியும் ஏற்ற இறக்கத்தில் ஓர் ஒழுங்கு தெரியும். துளையிட்ட முடிவு வெளியாகிறது, 'டன்னுக்கு 9 கிராம்' என்று தலைப்பு. விலை எகிறுகிறது. சில நாளில் நிறுவனமே தன் பங்கின் வணிகத்தைச் சந்தையில் நிறுத்தி வைக்கச் சொல்கிறது. மறுபடி திறக்கும்போது மலிவு விலையில் பங்கு ஒதுக்கிய அறிவிப்பு. விலை விழுகிறது. நல்ல செய்தி வரும்போதுதானே நல்ல விலைக்குப் பணம் திரட்ட முடியும்? நிறுவனத்தின் இடத்தில் இருந்தால் நாமும் அதைத்தான் செய்வோம்.

அந்த 'டன்னுக்கு இத்தனை கிராம்' என்பதையும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஒரு கிராம் தங்கம் இரண்டு மூன்று அரிசி மணி அளவு. ஒரு டன் பாறையை உடைத்துப் பொடியாக்கி அலசி, அந்தத் துணுக்கை எடுக்க வேண்டும். திறந்தவெளிச் சுரங்கத்தில் டன்னுக்கு ஒன்றிரண்டு கிராமே பிழைப்புக்குப் போதும், பாறை தரைக்கு அருகில் இருந்தால், சாலையும் மின்சாரமும் இருந்தால். 9 கிராம் என்றாலும் அது நூறு துளையில் ஒரு துளையாக, அதிலும் ஒரு மீட்டர் துண்டாக இருந்தால் ஒன்றுக்கும் உதவாது. தலைப்பில் வருவது எப்போதும் சிறந்த துளை. மற்றவை பின்னிணைப்பு அட்டவணையில் தூங்கும்.

எல்லாரும் அட்டவணை படிக்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் பட்டியலான ஆய்வு நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 'அப்பெண்டிக்ஸ் 5பி' என்ற பணவரவு அறிக்கை வெளியிட வேண்டும். அதன் 8-ஆம் பகுதியில், இப்போது செலவழிக்கும் வேகத்தில் கையிருப்பு இன்னும் எத்தனை காலாண்டு தாங்கும் என்று ஓர் எண் இருக்கும். இரண்டுக்குக் கீழே போனால், பணத்துக்கு என்ன வழி என்று நிறுவனம் அங்கேயே பதில் எழுத வேண்டும். அந்த எண் 1.4 என்று இருந்தால் அடுத்த பங்கு வெளியீடு கிட்டத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். என் பார்வையில் நூறு பக்க அறிக்கையைவிட இந்த ஒரு வரி பிரயோஜனம்.

நிஜ சுரங்கம், நிஜ தாது, நிஜ நஷ்டம்

சுரங்கப் பங்கின் வாழ்க்கையைக் கோடு போட்டுக் காட்டியவர் கனடாவின் பியர் லாசோண்ட், ஃபிராங்கோ-நெவாடா நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவர். அவர் கோட்டின்படி, கண்டுபிடிப்புச் செய்தியில் விலை செங்குத்தாக ஏறும். எல்லாரும் கனவு காணும் கட்டம் அது. பிறகு பொறியியல் ஆய்வு, உரிமம், கடன் என்று வருஷக்கணக்கில் இழுக்கும்போது புதுச் செய்தி வற்றி, விலை நீளமாகச் சரியும். சுரங்கம் கட்டி முடித்து, உற்பத்தி நெருங்கும்போது மறுபடி ஏறும். பெரும்பாலான நிறுவனங்கள் நடுவில் உள்ள பள்ளத்தைத் தாண்டுவதே இல்லை.

தாண்டிய ஒன்றைப் பார்ப்போம், அதுவும் நம் பகாங் மாநிலத்தோடு சம்பந்தப்பட்டது. அரிய மண் உலோகங்கள் எடுக்கும் லைனஸ். தாது மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்டில். சுத்திகரிப்பு ஆலை குவாந்தான் பக்கம் கெபெங்கில். பட்டியலாகியிருப்பது ஆஸ்திரேலியச் சந்தையில். 2010 செப்டம்பரில் ஜப்பானுக்கும் சீனாவுக்கும் கடல் எல்லைத் தகராறு வந்து, சீனாவின் அரிய மண் உலோக ஏற்றுமதி இறுகியது. விலை பல மடங்கு ஏறியது. சீனாவுக்கு வெளியே யாரிடம் தாது இருக்கிறது என்று உலகம் தேடியபோது லைனஸ் கண்ணில் பட்டது. 2011-ல் பங்கு 2.50 ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியது.

அந்த நேரத்தில் கெபெங் ஆலை முடியவில்லை. கதிரியக்கக் கழிவு குறித்துக் குவாந்தானில் எதிர்ப்பு எழுந்தது. அனைத்துலக அணுசக்தி முகமையின் குழு வந்து ஆராய்ந்தது, உரிமம் தள்ளிப் போனது. 2012 கடைசியில் உற்பத்தி தொடங்கியபோது அரிய மண் விலை சரிந்து போயிருந்தது. ஆலை ஓட்டக் காசு வேண்டும், ஆகவே புதுப் பங்குகள். சில வருஷத்தில் பங்குகளின் எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டு மடங்கானது. 2015-ல் பங்கு 5 காசுக்கும் கீழே போனது. 2017-ல் பத்துப் பங்கை ஒன்றாக்கினார்கள். 2022-ல் அந்தப் புதுப் பங்கு 10 டாலரைத் தாண்டியது.

செய்தி படிப்பவருக்கு இது வெற்றிக் கதை. பங்கு வைத்திருப்பவர் கண்ணால் பாருங்கள். 2011-ல் 2.50-க்கு 10,000 பங்கு வாங்கியவர் போட்டது 25,000 டாலர். 2015-ல் அது 500 டாலர். 2017-ல் கையில் 1,000 பங்கு. 2022-ல் 10 டாலரில் 10,000 டாலர். பதினோரு வருஷம் பொறுமையாகக் காத்திருந்து, தாது நிஜமாக இருந்து, ஆலை நிஜமாக ஓடி, நிறுவனம் உலகப் பெயர் எடுத்தும், போட்டதில் பாதிகூட இல்லை. அதே 10,000 பங்கை 2015-ல் 5 காசுக்கு வாங்கியவர் போட்டது 500 டாலர்தான், 2022-ல் அவர் கையிலும் அதே 10,000 டாலர். ஒரே நிறுவனம், ஒரே பங்கு. 'நல்ல கம்பெனி, விட்டுப் பிடிக்கலாம்' என்று சொல்பவர்கள் எந்த விலையில் பிடித்தது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

90 சதவீதம் விழுந்த பங்கு பழைய விலைக்கு வரப் பத்து மடங்கு ஏற வேண்டும். 98 சதவீதம் விழுந்தால் ஐம்பது மடங்கு. 'இன்னும் கொஞ்சம் வாங்கிச் சராசரியை இறக்கலாம்' என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு வாங்கினால் தேவலை.

இதற்கும் முந்தைய தலைமுறைக்குப் பாடம் பொசைடன் என்ற சுரங்க நிறுவனம். மேற்கு ஆஸ்திரேலியாவின் விண்டாராவில் நிக்கல் கிடைத்த செய்தியில், 1969 செப்டம்பரில் 80 காசாக இருந்த பங்கு 1970 பிப்ரவரியில் 280 டாலர். நிக்கல் இருந்தது. ஆனால் எதிர்பார்த்த தரம் இல்லை, சுரங்கம் திறப்பதற்குள் விலையும் இறங்கியது. 1976-ல் நிறுவனம் கடன்காரர்கள் கைக்குப் போனது.

தோட்டப்புறத்துக்கு இது எப்படி வந்தது

தோட்டத்து ஆட்களுக்கும் பங்குச் சந்தைக்கும் என்ன சம்பந்தம் என்று கோலாலம்பூர்க்காரர்கள் கேட்பதுண்டு. சம்பந்தம் பழையது. நாம் பிறந்த தோட்டங்களில் பலவே பங்குச் சூதாட்டத்தில் முளைத்தவை. 1910 ஏப்ரலில் லண்டனில் ரப்பர் விலை ராத்தலுக்கு 12 ஷில்லிங்கைத் தாண்டியபோது, மலாயாவில் இன்னும் காட்டை வெட்டாத தோட்டங்களுக்கெல்லாம் கம்பெனி தொடங்கி, ஆளுக்கு இரண்டு ஷில்லிங் பங்காக இங்கிலாந்தின் குமாஸ்தாக்களுக்கும் வீட்டுப் பெண்களுக்கும் விற்றார்கள். விலை சில மாதத்தில் சரிந்தது. அந்தப் பணத்தில் வெட்டிய காட்டுக்குத்தான் கங்காணிமார் ஆள் கட்டி வந்தார்கள்.

நம் ஆட்கள் கூட்டமாகப் பங்கு வாங்கியது 1982-க்குப் பிறகு, ம.இ.கா. கட்சி தொடங்கிய முதலீட்டு நிறுவனமான மைக்கா ஹோல்டிங்ஸ் காலத்தில். 66,000 பேருக்கு மேல், ஏறத்தாழ 106 மில்லியன் வெள்ளி. தோட்டத்துப் பெண்கள் நகையை அடகு வைத்துப் போட்ட பணமும் அதில் உண்டு. ஒரு வெள்ளிக்கு வாங்கிய பங்குக்கு 2010-ல் 80 காசு கிடைத்தது. அது சுரங்கப் பங்கு இல்லை, பட்டியலான பங்குகூட இல்லை. ஆனால் 'பங்கு' என்ற பேச்சைத் தோட்டத்து வீடுகளுக்குள் கொண்டுபோனது அதுதான். அப்புறம் 1993-ன் காளை ஓட்டம், அதாவது சந்தையே ஏறிய ஏற்றம். வேலைக்குப் போகாமல் பங்குத் தரகரான ரெமிசியரின் அலுவலகத்து விலைப் பலகை முன்னால் உட்கார்ந்திருந்த காலம். 1997 பிப்ரவரியில் 1,271 புள்ளியில் இருந்த கோலாலம்பூர்க் குறியீடு, 1998 செப்டம்பர் 1-ஆம் தேதி 262.70. காண்ட்ரா போட்டுப் பணம் கட்டாமல் வாங்கியவர்கள் பலர் அந்த ஓட்டத்தோடு கரைந்தார்கள்.

இப்போது பலகை கைப்பேசிக்குள் வந்துவிட்டது. பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பெரும்பாலும் மூன்று வழி: 55 வயதில் எடுத்த சேமநிதி, கூட்டு (சீட்டு) எடுத்த பணம், பிள்ளைகள் சிங்கப்பூரிலிருந்து அனுப்புவது. 2024 மே மாதத்திலிருந்து சேமநிதியில் மாதச் சந்தாவின் 10 சதவீதம் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கணக்குக்குப் போகிறது. அதுவும் ஒரு வாசல்.

ரவூப் ஒட்டுக்கடையில் பசியாறும் நேரத்தில் காதில் விழும் பேச்சு இப்படித்தான் இருக்கும் (கவுண்டர் என்றால் பட்டியலான பங்கு, லாட்டு என்றால் நூறு பங்கு):

"அண்ணே, அந்தத் தங்கக் கவுண்டர் பார்த்தீங்களா? ஏழு காசுல இருந்து பதினொண்ணு."

"எவ்வளவு வச்சிருக்க?"

"ஐந்நூறு லாட்டு."

"வித்துற வேண்டியதுதானே தம்பி?"

"இருபது போகும்னு குரூப்ல சொல்றாங்கண்ணே. நேத்துதான் புர்சாவே ஏன் ஏறுதுன்னு கேட்டிருக்கு, அப்ப ஏதோ இருக்குல்ல?"

அந்தக் கடைசி வரியில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு பங்கு காரணமில்லாமல் ஏறி இறங்கினால் புர்சா மலேசியா நிறுவனத்திடம் விளக்கம் கேட்கும். நிறுவனம் பெரும்பாலும் 'எங்களுக்குத் தெரிந்து காரணம் எதுவும் இல்லை' என்று பதில் போடும். எச்சரிக்கையாக வந்த கடிதத்தை நம் ஆள் நற்சான்றிதழாகப் படிக்கிறார். குழுவில் 'இருபது' என்று எழுதியவர் ஆறு காசில் வாங்கியிருக்கலாம், பதினொன்றில் விற்க ஆள் தேடிக்கொண்டும் இருக்கலாம். இதைத்தான் இங்கே 'கோரேங்' என்கிறார்கள், வாணலியில் போட்டு வறுப்பது. வறுப்பவர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் தட்டு ஒட்டுக்கடை மேசைக்கு வரும்.

காசுப் பங்கில் வேறொரு சங்கதி உண்டு. கோரேங்கைவிட அதிகம் பேசப்படாதது. புர்சாவில் 1 வெள்ளிக்குக் கீழான பங்கின் விலை அரைக் காசு அரைக் காசாகத்தான் நகரும். 5 காசுப் பங்கு ஒரு படி ஏறினால் 10 சதவீதம் லாபம்! கேட்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் வாங்குபவர் 5 காசு என்றும் விற்பவர் 5.5 என்றும் நிற்கும்போது, நீங்கள் 5.5-க்கு வாங்கிய அந்த நிமிஷமே விற்றால் கிடைப்பது 5. உள்ளே நுழைய மட்டும் 9 சதவீதம் கட்டணம். அதற்குமேல் ரெமிசியர் கமிஷன், முத்திரை வரி. சேமநிதி 2024-க்கு அறிவித்த லாப ஈவு 6.30 சதவீதம். ஒன்றரை வருஷ ஈவை வாசலிலேயே கொடுத்துவிட்டுத்தான் இந்த ஆட்டத்துக்குள் போகிறோம்.

சின்ன ஊரில் பங்கு பரவும் விதத்துக்கு உலகத்தில் நாம் மட்டும் உதாரணம் இல்லை. கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் செயின்ட் பால் என்று ஓர் ஊர், 5,000 பேர் அளவு. 1990களின் நடுவில் அங்கே பலர் பிரெ-எக்ஸ் என்ற தங்க ஆய்வு நிறுவனத்தின் பங்கு வைத்திருந்தார்கள். ஒருவர் வாங்க, அவரைப் பார்த்து மாமன் மச்சான் வாங்க, தேவாலயத்திலும் கடைத்தெருவிலும் பேச்சு அதுதான். சுரங்கம் இருந்ததாகச் சொன்ன இடம் நமக்குப் பக்கம், இந்தோனேசியக் கலிமந்தானின் புசாங். 71 மில்லியன் அவுன்ஸ் தங்கம் என்றார்கள். நிறுவனத்தின் மதிப்பு 6 பில்லியன் கனடிய டாலர். 1997 மார்ச்சில் ஃபிரீபோர்ட் நிறுவனம் தன் செலவில் துளை போட்டுப் பார்த்தபோது சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடைக்கவில்லை. அதே மாதம் நிறுவனத்தின் புவியியலாளர் மைக்கேல் டி குஸ்மான் ஹெலிகாப்டரிலிருந்து விழுந்து இறந்தார். மே மாதம் ஸ்ட்ராத்கோனா என்ற ஆய்வு நிறுவனம், பாறை மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கம் கலக்கப்பட்டது என்று அறிக்கை கொடுத்தது.

செயின்ட் பாலின் ஆட்களை ஏமாளி என்று சொல்ல எனக்கு வாய் வராது. கனடாவின் பெரிய ஓய்வூதிய நிதிகளே அதில் மாட்டின. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஓய்வூதிய நிதிக்கு அது ஆயிரம் முதலீட்டில் ஒன்று. சின்ன ஊர்க்காரருக்கு அது வீடு. அந்த மோசடிக்குப் பிறகுதான் 2001-ல் கனடா, தகுதி பெற்ற நிபுணர் கையெழுத்திடாமல் தாது அளவு அறிவிக்கக் கூடாது என்று விதி கொண்டு வந்தது. ஆஸ்திரேலியாவில் தாது அளவை எப்படி அறிவிப்பது என்று சொல்லும் ஜோர்க் விதி 1989-லேயே இருந்தது, பொசைடன் காலத்துக் கூத்துகளிலிருந்து பாடம் படித்து. அதன்படி 'இன்ஃபெர்ட்' என்று எழுதியிருந்தால் நிபுணருக்கே நம்பிக்கை குறைவு, 'இண்டிகேட்டட்' கொஞ்சம் மேல், 'மெஷர்ட்' அதற்கு மேல். இவை மூன்றும் மண்ணில் இருப்பதைப் பற்றிய மதிப்பீடு. லாபத்தோடு எடுக்க முடியும் என்று கணக்குப் போட்ட பிறகுதான் 'ரிசர்வ்' என்ற சொல்லை எழுதலாம். குழுக்களில் இந்த நாலும் ஒரே 'தங்கம் இருக்கு' ஆகிவிடுகிறது.

முடங்கிப்போன பங்கு என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடலாம், ஏனென்றால் ஊரில் பலர் கையில் இருப்பது அதுதான். வணிகம் நிறுத்தப்பட்டால் விற்க வழியில்லை. கணக்கு அறிக்கையில் கடைசி விலை மட்டும் நிற்கும், பார்ப்பவருக்கு இன்னும் பணம் இருப்பது போலவே தெரியும். ஆஸ்திரேலியச் சந்தையில் தொடர்ந்து இரண்டு வருஷம் நிறுத்தி வைக்கப்பட்ட நிறுவனத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். கலைப்புக்குப் போனால் ஈடு பெற்றுக் கடன் கொடுத்தவர், தொழிலாளர் சம்பளம், வரி, சரக்குக் கொடுத்தவர் என்று எல்லாரும் எடுத்த பிறகுதான் பங்குதாரர் முறை. துளை போட்ட நிலமும் பழைய இயந்திரமும் தவிரச் சொத்தில்லாத நிறுவனத்தில் அந்த முறை வருவதே அபூர்வம்.

ஆஸ்திரேலியாவில் இருப்பவருக்கு அங்கே ஒரு சின்ன ஆறுதல் உண்டு. 'பங்குதாரர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது' என்று கலைப்பாளர் எழுதிக் கொடுத்தால், அந்த நஷ்டத்தை வேறு முதலீட்டு லாபத்தோடு கழித்து வரியைக் குறைத்துக்கொள்ளலாம். மலேசியாவில் தனிநபர் பட்டியலிட்ட பங்கை விற்றுப் பெறும் லாபத்துக்கு வரி கிடையாது. லாபத்துக்கு வரி இல்லாததால் நஷ்டத்தைக் கழிக்கவும் இடமில்லை. ரவூப்பில் இருப்பவர் அதை முழுசாகத் தானே சுமக்க வேண்டியதுதான்.